பூ ஆடுதா அக்கா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் பிழை இருக்கும். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான். மளிகைச் சாமான் சீட்டைத் தவிர வேறு எதுவும் எழுதினது இல்லை. ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றுக்குப் போய்விடுவேன், மாசத்தை மாற்றிச் சொல்லிவிடுவேன். நாலு பேர் கூடின இடத்தில் எனக்கு வாய் எழும்பாது. அதனால்தான் எழுதுகிறேன். வானம் கறுக்கிற அன்றைக்கெல்லாம் அவள் ஞாபகம் வந்துவிடுகிறது.

அவள் பேரை எழுதப் போவதில்லை. அவளைக் கேட்காமல் எழுதுவது தப்பு. காம்பவுண்டில் எல்லாரும் அவளைக் கடக்கரைக்காரி என்றார்கள். நான் தங்கச்சி என்று கூப்பிட்டேன்.

பழங்காநத்தத்தில் எங்கள் காம்பவுண்டு. முன்னால் ஓனரம்மா வீடு. பின்னால் வரிசையாக நாலு போர்ஷன், எல்லாம் வாடகைக்கு. நடு முற்றத்தில் அடிபம்பும் துவைக்கிற கல்லும். கடைசிப் போர்ஷனுக்கு அவளும் அவள் புருசனும் ஒரு மாசி மாசம் குடிவந்தார்கள். அதற்கு முந்தின கார்த்திகையில்தான் கடலோரத்தில் பெரிய புயல் அடித்து ஊர் ஊராகப் படுத்துக் கிடந்தது. மதுரையில் எங்களுக்கு ரெண்டு நாள் தூறல், அவ்வளவுதான். வத்தல் காயவில்லையே என்று நான் அலுத்துக்கொண்டேன். அவளுக்கு அந்தப் புயலில் வீடு போனது, தென்னை போனது, மாடு போனது. கூடப் பிறந்த தங்கச்சி மேல் மண்சுவர் சாய்ந்து அவளும் போனாள். புருசனுக்குத் திருநகர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. அப்படித்தான் இங்கே வந்தார்கள்.

வந்த அன்றைக்கே ஒன்று பார்த்தேன். கதவைச் சாத்தி, அந்தக் கதவில் முதுகைக் கொடுத்துத்தான் உட்கார்வாள். காய் நறுக்குவதும் அங்கேதான், அரிசி புடைப்பதும் அங்கேதான். நாம் போய்த் தட்டினால் உள்ளே சேலை உரசுகிற சத்தம் கேட்கும், அவள் எழுந்திரிக்கிறாள் என்று அர்த்தம். வீட்டில் ஃபேன் போட மாட்டாள். பங்குனி வெயிலில், மதுரையில், ஃபேன் சுத்தாத வீட்டை நான் அதுவரை கண்டதில்லை. அவள் புருசன் நல்ல மனுசன். ஒருநாள் வேர்த்து வடிந்துகொண்டு என்னிடம் சொன்னார்:

"மண்டபத்துல என்னைச் சம்பளத்துக்கு வச்சிருக்காங்கன்னு நினைக்கிறீங்களாக்கா? நான் போறதே அங்க ஃபேனுக்கு அடியில நிக்கத்தான்."

நான் சிரித்தேன். அவள் உள்ளேயிருந்து, "சும்மா இருங்களேன்" என்றாள். சத்தமே இல்லாத குரல் அது.

காலையில் கதவைத் திறக்கும் முன்னால் ஜன்னலில் முகத்தை வைத்து என்னைக் கேட்பாள்:

"அக்கா, பூ ஆடுதா?"

காம்பவுண்டுச் சுவர் ஓரம் ஓனரம்மாவின் அரளி நின்றது. என் வாசலிலிருந்து பார்த்தால் தெரியும், அவள் ஜன்னலுக்குத் தெரியாது. அரளிப்பூ அசையாமல் நின்றால் நான் "ஆடலை தாயி" என்பேன். அவள் வெளியே வந்து தண்ணி அடிப்பாள், துவைப்பாள். ஆடுகிறது என்றால் உள்ளேயே இருந்துவிடுவாள். அன்றைக்கு அவளுக்கு நான்தான் தண்ணி எடுத்து வைப்பேன்.

ஒருநாள் எனக்கு இடுப்பு வலி. ரெண்டு வீட்டுக்குத் தண்ணி தூக்க முடியாது என்று, பூ நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதே "ஆடலை" என்று சொல்லிவிட்டேன். குடத்தோடு வந்தாள். பம்புக்கு வந்ததும் ஒரு காத்து அவள் முந்தானையைத் தூக்கியது. குடம் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். ஓடிப்போய்க் கதவைச் சாத்தினவள் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூணாம் நாள் ஜன்னலில் வந்து சொன்னாள்:

"பொய் சொல்லாதீங்கக்கா. ஆடுனா ஆடுதுன்னு சொல்லுங்க. தெரிஞ்சா நான் கதவைப் புடிச்சுக்குவேன்."

அதற்குப் பிறகு நான் பொய் சொன்னதில்லை. ஆனால் பயம் தொத்திக்கொள்ளும் என்று அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வயசுக்கு மேல், தெருவில் ஒரு பேப்பர் பறந்தால்கூட எனக்கு நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது.

அவள் வரும்போது முந்தானை நுனியில் ஒரு முடிச்சு இருந்தது. நகையாக இருக்கும் என்று ஓனரம்மா சொன்னாள். அது விதை. கடுகு மாதிரி, காசித்தும்பை விதை. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் தண்ணி ஓடி ஈரமாகக் கிடக்கிற இடத்தை, காத்து இல்லாத ஒரு காலையில் தோசைக்கரண்டியால் கொத்திக்கொண்டே எனக்குக் கதை சொன்னாள். அவள் எதையும் வரிசையாகச் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பேசினாள்.

"வீடு விழுந்து இருவது நாள் இருக்கும்க்கா. சுவர் கிடந்த மண்ணுல பச்சையா என்னமோ முளைச்சிருந்துச்சு. களைன்னு பிடுங்கப் போனேன். பாத்தா காசித்தும்பை. என் தங்கச்சி வாசல்ல போட்டிருந்தது. எல்லாரும் அரிசி லாரி பின்னாடி ஓடுனாங்க. நான் அது பக்கத்துல குந்திக்கிட்டேன். இவரு வந்து மதுரைக்குப் போலாம் வான்னாரு. பூத்துக் காய்க்காம நகர மாட்டேன்னு சொல்லிட்டேன். தை முடியுற வரைக்கும் தார்ப்பாய்க்குள்ள கிடந்தேன்."

"பயமா இல்லையா தாயி, தன்னந்தனியா?"

"இருந்துச்சுக்கா. மேலுக்குப் பாத்தா பயமாத்தான் இருக்கும், மரம் ஒண்ணு நிக்கலை. கீழ குனிஞ்சு இதைப் பாத்தா, ஒரு நாள் கழிச்சு என்ன ஆகும்னு பாக்கத் தோணும். அவ்வளவுதான்."

காசித்தும்பை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தண்டு ஓரமாகவே பூ ஒட்டிக்கொண்டு இருக்கும். காய் முத்தினால் தொட்ட உடனே வெடித்து விதையைத் தெறித்துவிடும். முத்தாத காயைப் பறித்தால் உள்ளே வெள்ளையாக இருக்கும், அது முளைக்காது. அதனால் காய் முத்துகிற நாளைப் பார்த்து, துணி கட்டி வாங்க வேண்டும்.

முதல் தடவை போட்டதை எறும்பு இழுத்துப் போய்விட்டது. மிச்சம் ஒரு சிட்டிகைதான் இருந்தது. அதைப் போட்டுச் சுற்றி மஞ்சள்தூளால் கோடு போட்டாள். ஒரே கொத்தாக ஏழு செடி வந்தது. ஊரில் இனி விதை இல்லை என்றும் சொன்னாள். புதுவீடு கட்ட அஸ்திவாரம் பறித்தபோது அந்தச் சுவர் மண்ணை அள்ளி ரோட்டுப் பள்ளத்துக்குக் கொட்டிவிட்டார்களாம். தங்கச்சி போட்ட செடியில் உலகத்தில் மிஞ்சினது இந்த ஏழுதான். செடி பூத்தபிறகு அவள் அரளியை விட்டுவிட்டாள். தன் ஜன்னலிலிருந்தே தன் பூவைப் பார்த்துக்கொள்வாள். ஆனாலும் என்னை ஒரு தடவை கேட்பாள், சரிதானா என்று.

இனி நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும்.

ஒருநாள் மத்தியானம் கதவுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், பேசிக்கொண்டிருந்தோம். சொன்னாள்:

"அந்தக் காத்து என்னை விட மாட்டேங்குதுக்கா. காதுக்குள்ளயே நிக்குது. சமயத்துல என் தங்கச்சி குரல்ல கூப்பிடுது."

எங்கள் பக்கம் காத்து என்றால் ரெண்டு இருக்கிறது. ஒன்று மரத்தை ஆட்டும். இன்னொன்று ஆளை ஆட்டும். செத்தவள் குரலில் கூப்பிடுகிறது என்றதும் நான் எழுந்துவிட்டேன். நேரே போய்ப் பம்படியில் ஓனரம்மாவிடம், "அவளுக்குக் காத்து இருக்கு போலக்கா" என்றேன். ஊரில் யாரோடும் பேசாத நான் பேசின ஒரு பேச்சு அது. ஓனரம்மா மகள் நிறைமாசமாகப் பிரசவத்துக்கு வர இருந்த நேரம். அவளுக்கு என்னைவிடப் பயம். சோழவந்தான் பக்கமிருந்து பேய் ஓட்டுகிற ஒரு கோடாங்கியை வரச் சொல்லிவிட்டாள்.

கடைசிப் போர்ஷனுக்குப் போய்ச் சொல்கிற வேலை எனக்கு வந்தது.

"தங்கச்சி, செவ்வாக்கிழமை காத்துக்குப் பாக்குறவரு வாராரு."

அவள் முகம் மலர்ந்தது. "காத்தைக் கட்டிருவாராக்கா?"

"கட்டிருவாரு தாயி."

"எங்க ஊருல இப்படி ஒரு ஆளு இல்லாமப் போச்சே" என்றாள்.

செவ்வாய்க்கிழமை உச்சிப்பொழுதில் தலைக்குக் குளித்து, தன் செடியிலிருந்து மூணு பூ பறித்துக்கொண்டு வந்து முற்றத்தில் உட்கார்ந்தாள். புருசன் வேலைக்குப் போயிருந்தார். கோடாங்கி உடுக்கையை அடித்தார். நாங்கள் சுவரோரம் நின்றோம்.

"எங்கேயிருந்து வந்த? சொல்லு!"

"கடல்ல இருந்துங்க."

ஓனரம்மா என் கையைப் பிடித்தாள்.

"எப்ப வந்த?"

"கார்த்திகையில வந்துச்சுங்க."

"தனியா வந்தியா, கூடத் துணைக்கு ஆள் இருக்கா?"

அவள் யோசித்துவிட்டு, "மழையும் வந்துச்சுங்க" என்றாள்.

"மழையா? அவ யாரு?" என்றார் கோடாங்கி. யாரும் சிரிக்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் எனக்குச் சிரிப்பு வருகிறது.

"எத்தனை உசுரு வாங்கியிருக்க?"

"ஊருல எத்தனைன்னு தெரியலைங்க. எங்க வீட்டுல ஒண்ணு."

உடுக்கை நின்றுபோனது. கோடாங்கி வேப்பிலையை ஓங்கி, "உன் பேரைச் சொல்லு!" என்று அதட்டினார்.

அவள் நடுங்கிக்கொண்டே சொன்னாள். அந்தப் பேரை நான் இங்கே எழுதவில்லை. அவளும் அந்த ஒரு நாளைத் தவிர வேறு என்றைக்கும் சொன்னதில்லை. நம் பக்கத்து ஆம்பளைப் பேரும் இல்லை, பொம்பளைப் பேரும் இல்லை. கோடாங்கிக்கு வேர்த்துவிட்டது. "இது நம்ம ஊரு உருப்படி இல்லையே" என்று முணுமுணுத்தார். பிறகு விபூதியை வீசி, "போறேன்னு சொல்லு! போறேன்னு சொல்லு!" என்றார்.

"அது அன்னைக்கே போயிருச்சுங்க" என்றாள் அவள். "நான்தான் இன்னும் போகலை."

அந்த நேரம் எங்கள் வீட்டுக்காரர் டீக்கடையிலிருந்து வந்தார். பேப்பர் படிக்கிற மனுசன். என்ன நடக்கிறது, என்ன பேர் சொன்னாள் என்று கேட்டார். நான் காதில் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார்.

"அடி கூறுகெட்டவளே, அது புயலோட பேருடி! கவர்மெண்டுல புயலுக்குப் பேரு வைப்பாகல்ல, அது! கார்த்திகையில பத்து நாளாப் பேப்பர்ல அந்தப் பேருதான கிடந்துச்சு!"

கோடாங்கி உடுக்கையைப் பையில் வைத்தார். "முதல்லயே சொல்ல மாட்டீகளா. புயலுக்கெல்லாம் நம்மகிட்ட ஒண்ணும் இல்லை ஆத்தா" என்று போய்விட்டார்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "என்னைப் பேய்ன்னா நினைச்சீங்க, அக்கா?"

நான் குனிந்து சிந்திக் கிடந்த வேப்பிலையைப் பொறுக்க ஆரம்பித்தேன். அவளே சிரித்தாள். "பேயா இருந்தா தேவலையே. ஒரு கோழியை அறுத்து அனுப்பிருக்கலாம்." சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகத்தை மூடிக்கொண்டாள்.

ஓனரம்மாவுக்குப் பயம் தெளியவில்லை. "பேயோ புயலோ, வாயிலயிருந்து உசுரு வாங்குன கதை வந்துருச்சு. என் மக வயித்தோட வாரா. வீட்டைக் காலி பண்ணச் சொல்லிரு" என்றாள். என்னிடம்தான் சொன்னாள். நான் போய்ச் சொன்னேன்.

அவள் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "காய் முத்த இன்னும் இருவது நாள் ஆகும்க்கா. அதுவரைக்கும் மட்டும் கேட்டுப் பாருங்க. செடியைப் பிடுங்கிட்டுப் போனா வாடிரும். காயோடதான் நான் போகணும்."

எனக்காகக்கூட யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாதவள் நான். ஓனரம்மா வாசலில் மூணு தடவை போய் நின்று திரும்பினேன். நாலாவது தடவை அவளே, "என்னடி, பூனை மாதிரி வாரதும் போறதுமா?" என்றாள். தப்பு என்மேல்தான், காத்து என்று அவள் சொன்னது நிசக் காத்தை, நான்தான் கோளாறாகப் புரிந்துகொண்டேன் என்று திக்கித் திக்கிச் சொன்னேன். காய் கதையையும் சொன்னேன். ஓனரம்மா எழுந்து போய்த் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பிறகு, "மக வாரதுக்கு முன்னாடி போயிரணும். அதுவரைக்கும் இருக்கட்டும்" என்றாள்.

அன்றிலிருந்து நானும் தினம் ரெண்டு வேளை அந்தக் காயைப் போய்ப் பார்ப்பேன். பச்சையாக, மயிரோடு, சுண்டு விரல் நுனி தடிமனில் இருந்தது. தொடப் பயம்.

இருவது நாள் ஆகவில்லை. சித்திரையில் ஒரு சாயங்காலம், நாலு மணி இருக்கும், வானம் செம்மண் நிறமாகிவிட்டது. காக்காய் சத்தம் நின்றது. மதுரையில் கோடைமழைக்கு முன்னால் இப்படி ஒரு சூறைக்காத்து வரும், ஆனால் அந்த அளவுக்கு நான் கண்டதில்லை. தல்லாகுளத்தில் பெரிய மரமெல்லாம் விழுந்தது என்று பிறகு சொன்னார்கள். பக்கத்துக் காம்பவுண்டுத் தகரம் ஒன்று பிய்ந்து எங்கள் முற்றத்தில் வந்து விழுந்தது. எங்கள் வீட்டுக்காரர் டீக்கடையில். நான் தனியாகக் கதவு இடுக்கில் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் ஜன்னலில் முகம் தெரிந்தது.

"அக்கா! பூ ஆடுதா?"

அவளுக்கே தெரியும். இருந்தாலும் கேட்டாள்.

"ஆடுது தாயி! கதவைப் புடிச்சுக்க!" என்று கத்தினேன்.

அவள் கதவு திறந்தது. சோறு வடிக்கிற அன்னக்கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நிற்க முடியவில்லை, மண்டி போட்டு ஊர்ந்து வந்தாள். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய்ச் செடி மேல் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். அந்தக் காத்துக்குத் தன் முதுகைக் கொடுத்துக் கிடந்தாள்.

நானும் போனேன். தைரியத்தில் போகவில்லை. அந்தச் சத்தத்தில் தனியாக உள்ளே இருக்கப் பயந்து போனேன். கல்லைப் பிடித்துக்கொண்டு அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். ஆலங்கட்டி முதுகில் விழுந்தது. அவள் என் காதில் என்னமோ கத்திக்கொண்டே இருந்தாள். சாமியைக் கூப்பிடுகிறாள் என்று நானும் கூடச் சேர்ந்து மீனாட்சி தாயே, மீனாட்சி தாயே என்று கத்தினேன். அப்புறம்தான் விளங்கியது, "கூடையைப் புடிங்கக்கா, என்னையில்ல" என்று சொல்லியிருக்கிறாள்.

காத்தை நாங்கள் தடுத்துவிட்டோம். தண்ணியைத் தடுக்க முடியவில்லை. முற்றத்துத் தண்ணி மொத்தமும் அந்தப் பள்ளத்துக்குத்தான் ஓடும். மழை வெறித்தபிறகு கூடையைத் தூக்கினால் ஏழு செடியும் வேர் வெளியே தெரிய ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஒரு காயை எடுத்து நகத்தால் கீறினாள். இன்னொன்றைக் கீறினாள். எல்லாவற்றையும் கீறிப் பார்த்தாள்.

"பாலா இருக்குக்கா" என்றாள். "முளைக்காது."

அழவில்லை. சேறும் ஈரமுமாக முற்றத்து நடுவில் நின்றாள். மேலே இன்னும் காத்து மிச்சம் இருந்தது, முந்தானை பறந்தது, அவள் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு அவளைப் பார்க்க அதிகப் பயமாக இருந்தது.

ஓனரம்மா கூட மனம் இளகி, "இன்னும் பத்து நாள் இருந்துட்டுப் போயேன்டி" என்றாள். "எதுக்கும்மா, இங்க காய் ஒண்ணும் இல்லையே" என்று சொல்லிவிட்டாள். அந்த வாரமே ஒரு குட்டியானை வண்டியில் சாமானை ஏற்றினார்கள். எங்கே போகிறாய் என்று கேட்டேன். "ஊருக்கேதான் போறோம். எங்க இருந்தாலும் அடிக்கத்தானே செய்யுது, அங்கயே கிடப்போம். வர்றேன்க்கா" என்றாள். முந்தானையில் முடிச்சு இல்லை.

அவள் போய் மூணு வாரம் இருக்கும். ஓனரம்மா பேரன் பிறந்த வீட்டைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று விளக்குமாறும் அரிவாளுமாகச் சாக்கடை ஓரம் குனிந்தாள். நான் பார்த்தேன். கல்லுக்கு அடியில், சிமெண்டு வெடிப்பில், சாக்கடை விளிம்பு நெடுக, ரெண்டு ரெண்டு இலையாக.

"எடுக்காதீக!" என்று கத்தினேன்.

ஓனரம்மா அரிவாளைப் போட்டுவிட்டாள். "ஆத்தாடி! உனக்கு இம்புட்டுச் சத்தம் இருக்கா?"

அடியில் இலை மறைவில் ஏதோ ஒரு காய் எங்களுக்குத் தெரியாமல் முத்தி, எப்போதோ வெடித்திருக்கிறது. அந்தத் தண்ணி அதை முற்றம் பூராவும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. ஆடியில் அம்புட்டும் பூத்தது. ஓனரம்மா மகள் பிள்ளையைத் தூக்கிவந்து காட்டினாள்.

அவளுக்கு இது தெரியாது.

அவள் புருசன் நம்பர் எங்கள் வீட்டுக்காரர் போனில் இருந்தது. ரெண்டு மாசம் அடித்து அடித்துப் பார்த்தோம், போகவே இல்லை. பிறகு எங்கள் வீட்டுக்காரரும் தவறிப்போனார். மகன் அந்தப் போனைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கிவிட்டான். ஊர்ப் பேர் அவள் ஒரு தடவை சொன்னாள். 'காடு' என்று முடியும், அல்லது 'குடி' என்று முடியும், எனக்கு நிச்சயமில்லை. வருசா வருசம் விதையை எடுத்துப் பழைய சேலைத் துணியில் முடிந்து வைக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்கள் யாராவது அந்தக் கடலோரத்துக்குப் போனால் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள். நான் எழுதினதில் மாசம் சரியா, ஏழு செடியா எட்டா, அவள் தங்கச்சி வைத்த பூ சிவப்பா ரோசா நிறமா என்று கேளுங்கள். இங்கே இப்போது ரெண்டு நிறமும் பூக்கிறது, அன்றைக்கு எது இருந்தது என்று எனக்கு மறந்துவிட்டது. தப்பை எல்லாம் அவள் வாயாலேயே திருத்தி, யாராவது எனக்கு எழுதிப் போட வேண்டும்.